கேட்பவர்களுக்கு மட்டும் திறக்கும் வகுப்பறைகள்: அமெரிக்கப் பள்ளி வாரியங்களிலும் பெற்றோர் குழுக்களிலும் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஜனவரி பிறந்ததும் அமெரிக்க ஹைஸ்கூல்களில் அடுத்த கல்வியாண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை தொடங்கிவிடும். தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வாரங்களில், கல்லூரி நிலையிலான ஏ.பி. பாடங்களையும் சாதாரண வகுப்பைவிடக் கடினமான ஹானர்ஸ் வகுப்புகளையும் பற்றிக் கேள்விகள் குவியும். "10ஆம் வகுப்பிலேயே ஏ.பி. வேர்ல்ட் ஹிஸ்டரி எடுக்கலாமா?" "ஹானர்ஸ் கெமிஸ்ட்ரியில் பி வந்திருக்கிறது, டீச்சர் ஏ.பி.க்குப் பரிந்துரைக்கவில்லை, என்ன செய்வது?" சற்று நேரத்தில் யாராவது பதில் போட்டுவிடுவார்கள்: பரிந்துரை இல்லாமலே வகுப்பில் சேர ஓவர்ரைடு படிவம் என்று ஒன்று உண்டு, கவுன்சிலரிடம் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும்.

அதே பள்ளியில் அதே மதிப்பெண் வாங்கிய, அதேபோலப் பரிந்துரை கிடைக்காத இன்னொரு பிள்ளையும் இருப்பாள். அப்படி ஒரு படிவம் இருப்பதே அவள் பெற்றோருக்குத் தெரியாது. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததே முடிவு என்று எண்ணி, சாதாரண வகுப்புக்குக் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார்கள். இரண்டு பிள்ளைகளின் திறமையிலும் வேறுபாடு இல்லை. ஒரு வீட்டுக்குக் கேட்கத் தெரியும், மற்ற வீட்டுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

நாங்கள் பொதுப் பள்ளிகளில் கவுன்சிலர்களாகவும், ஏ.பி. ஒருங்கிணைப்பாளர்களாகவும், கணித ஆசிரியர்களாகவும் பணியாற்றும் தமிழர்கள். ஃப்ரிஸ்கோ, கேரி, ஜான்ஸ் க்ரீக், சமாமிஷ், ஃப்ரீமான்ட், எடிசன் போன்ற ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் இன்று நன்றாக வேரூன்றியிருக்கின்றன. உங்களில் சிலர் பள்ளி வாரிய உறுப்பினர்கள். சிலர் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் பாடத்திட்ட ஆலோசனைக் குழுவிலும் இருக்கிறீர்கள். பலர் தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறீர்கள். தமிழ்ப் பள்ளியில் படிப்பதை ஹைஸ்கூல் அயல்மொழி கிரெடிட்டாக ஏற்க வேண்டும் என்று மனு எழுதி, பாடத்திட்டம் காட்டி, வாரியக் கூட்டங்களில் நின்று பேசிப் பல பள்ளி மாவட்டங்களைச் சம்மதிக்க வைத்தவர்கள் நீங்கள். மாவட்ட நிர்வாகத்தை எப்படி நகர்த்துவது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கேட்டால் மட்டும் கிடைக்கும் ஏற்பாடாக இருப்பதை, கேட்காமலே கிடைக்கும் ஏற்பாடாக மாற்ற உங்கள் மாவட்டத்தில் முன்நில்லுங்கள். அது எங்கெங்கே, எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறோம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: ஏ.பி. என்பது காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்தும் கல்லூரி நிலைப் பாடங்கள். ஏறத்தாழ 40 பாடங்கள் உண்டு. ஆண்டுதோறும் மே மாதம் தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 பெற்றால் தேறியதாகக் கொள்வார்கள். இல்லினாய், டெக்சஸ் உட்படப் பல மாநிலங்களின் அரசுக் கல்லூரிகள் 3க்கே கிரெடிட் தருகின்றன. பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 4 அல்லது 5 கேட்கும். கிரெடிட் கிடைத்தால் கல்லூரியில் அந்தப் பாடத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கடன் வாங்கிப் படிக்கப் போகும் பிள்ளைக்கு ஓர் அரையாண்டு மிச்சமாவது பெரிய காரியம்.

இந்த வாய்ப்பு எல்லாப் பள்ளிகளிலும் ஒரே அளவில் இல்லை என்பது பழைய செய்தி. 1999இலேயே கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட் பள்ளி மாணவர்களுக்காக, குடிமை உரிமைகளுக்கு வாதாடும் ஏ.சி.எல்.யூ. அமைப்பு மாநில அரசின் மீது வழக்குத் தொடர்ந்தது. வசதியான ஊர்ப் பள்ளிகளில் ஏ.பி. வகுப்புகள் நிறைந்திருக்க, தங்கள் பள்ளியில் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கின்றன என்பது முறையீடு. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும், கூட்டாட்சிக் கல்வித் துறையின் 2020-21 குடிமை உரிமைத் தரவுகளின்படி, கறுப்பின, லத்தீனோ மாணவர்கள் அதிகமுள்ள ஹைஸ்கூல்களில் ஏறத்தாழ 35 சதவீதத்தில்தான் கால்குலஸ் (நுண்கணிதம்) கற்பிக்கப்படுகிறது. அவர்கள் குறைவாக உள்ள பள்ளிகளில் அது ஏறத்தாழ 54 சதவீதம்.

நம்மில் பெரும்பாலோரின் பிள்ளைகள் படிப்பது கால்குலஸ் உள்ள பள்ளிகளில். அங்கே பாடம் இருக்கிறதா என்பது சிக்கல் இல்லை. பாடம் இருந்தும் யார் உள்ளே போகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

முதல் தடை பரிந்துரை. பாடப் பட்டியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். "முந்தைய ஹானர்ஸ் வகுப்பில் பி பிளஸ், ஆசிரியர் பரிந்துரை தேவை" என்பது போன்ற வரி பல பாடங்களுக்கு அடியில் இருக்கும். ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தில் மறுப்பதில்லை. வீட்டுப்பாடத்தை நேரத்துக்குக் கொடுப்பவர், வகுப்பில் கை தூக்குபவர், பெற்றோர் சந்திப்புக்கு வரும் வீட்டுப் பிள்ளை ஆகியோர் கண்ணில் படுவார்கள். மாலையில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டுப்பாடத்தைத் தாமதமாகக் கொடுக்கும் பிள்ளை கண்ணில் படமாட்டாள்.

இது வெறும் ஊகம் இல்லை. ஃப்ளோரிடாவின் ப்ரவர்ட் கவுன்டியில், மேல்திறன் மாணவர் திட்டத்துக்கு ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டும் சோதித்து வந்தார்கள். பிறகு 2ஆம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே சொல்சாராத் தேர்வு வைத்தார்கள். தகுதித் தரம் குறைக்கப்படவில்லை. ஆனாலும் ஏழைக் குடும்பங்களிலிருந்தும், கறுப்பின, ஹிஸ்பானிக் குடும்பங்களிலிருந்தும் தேர்வான பிள்ளைகளின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் முன்பும் அங்கேதான் இருந்தார்கள். யாரும் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை.

இதற்குத் தீர்வு தானியங்கிச் சேர்க்கை. வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெடரல் வே பள்ளி மாவட்டம் 2010இல் இதைத் தொடங்கியது. மாநிலத் தேர்வில் தேறிய மாணவர் அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தின் உயர்நிலை வகுப்பில் தானாகவே சேர்க்கப்படுவார். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகலாம். 2019இல் வாஷிங்டன் மாநிலம் எல்லா மாவட்டங்களும் இத்தகைய கொள்கையை ஏற்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. படிவம் அதே படிவம்தான், திசை மட்டும் மாறியிருக்கிறது. முன்பு உள்ளே வரக் கையெழுத்து தேவைப்பட்டது. இப்போது வெளியே போகக் கையெழுத்து தேவை.

கொள்கை வாசகம் எழுதும்போது நான்கு இடங்களில் கவனம் வேண்டும். தகுதிக்குப் பல அளவுகோல்கள் வைத்து, "இவற்றில் ஏதேனும் ஒன்று" என்று எழுதுங்கள். மாநிலத் தேர்வு நிலை, முந்தைய பாட மதிப்பெண், அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரிச் சேர்க்கை முன்னோட்டத் தேர்வு என எதில் தகுதி வந்தாலும் போதும். "இவை அனைத்தும்" என்று ஒரு சொல் மாறினால் கொள்கை செத்துவிடும். பி.எஸ்.ஏ.டி. எழுதிய மாணவர்களில் யார் எந்த ஏ.பி. பாடத்தில் 3 பெறக்கூடும் என்று கணித்துச் சொல்லும் ஏ.பி. பொட்டென்ஷியல் என்ற கருவியைக் காலேஜ் போர்டு பள்ளிகளுக்குத் தருகிறது. அந்தப் பட்டியலை எடுக்காத பள்ளிகள் உண்டு. எடுத்து வைத்துக்கொண்டு பயன்படுத்தாத பள்ளிகளும் உண்டு. வாரியம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அந்தப் பட்டியலைப் பற்றியதுதான்.

இரண்டாவது, அறிவிப்புக் கடிதம் வீட்டு மொழியில் போக வேண்டும். "உங்கள் பிள்ளை தகுதி பெற்றிருக்கிறார்" என்பதே அதன் முதல் வரியாக இருக்கட்டும். விதிமுறைகளைப் பிறகு சொல்லலாம். மூன்றாவது, விலகுவதென்றால் கவுன்சிலரோடு ஒரு முறை பேசிய பிறகே படிவம் தர வேண்டும். இல்லையென்றால் நண்பர்களோடு ஒரே வகுப்பில் இருக்க வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் விலகிவிடுவார்கள். நான்காவதுதான் அடிக்கடி தவறிப்போவது: செப்டம்பர் மாதம். சேர்க்கை எண்ணிக்கையை ஆகஸ்டில் எண்ணிப் பெருமைப்படுவார்கள். முதல் தேர்வில் 58 வாங்கிய பிள்ளையிடம் "இது உனக்குச் சரிப்படாது போலிருக்கிறது" என்று அன்பாகச் சொல்லி, அக்டோபருக்குள் சாதாரண வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். எனவே முதல் ஒன்பது வாரத்துக்குள் வகுப்பு மாறியவர்களைத் தனியாகக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். யார் சேர்ந்தார்கள் என்பதைவிட யார் போனார்கள் என்பது அதிகம் சொல்லும்.

அடுத்தது கணிதம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கதவு ஹைஸ்கூலில் மூடப்படுவதே இல்லை. 6ஆம் வகுப்பிலேயே மூடப்பட்டுவிடுகிறது.

வழக்கமான வரிசை இது: அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். ஆண்டுக்கு ஒன்று. 12ஆம் வகுப்பில் ஏ.பி. கால்குலஸ் எழுத வேண்டுமென்றால் 8ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடிந்திருக்க வேண்டும். 9இல் தொடங்கினால் 12இல் ப்ரீகால்குலஸோடு நின்றுவிடும். 8இல் அல்ஜீப்ரா எடுக்க 7இல் துரிதக் கணிதம், அதற்கு 6இல் நல்ல அடித்தளம், அதற்கு 5ஆம் வகுப்பு முடிவில் ஓர் இடநிலைத் தேர்வு. பத்து வயதில் எழுதிய ஒரு தேர்வு பதினேழு வயதில் எந்தப் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பாதிக்கிறது. நம் வீடுகளில் குமான், ரஷ்யன் மேத் போன்ற தனிப்பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்டுவது இதைத் தெரிந்துகொண்டுதான். தெரியாத வீடுகளில் பிள்ளைக்கு கால்குலஸ் ஆசை 11ஆம் வகுப்பில் வரும். அப்போது நேரம் கடந்திருக்கும்.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு ஹைஸ்கூலில் கணித ஆசிரியர் ஹைமே எஸ்கலாண்டே செய்ததைப் பலரும் ஒரு தனிமனித அற்புதமாகவே நினைக்கிறார்கள். 1982இல் அவருடைய 18 மாணவர்கள் ஏ.பி. கால்குலஸில் தேறினார்கள். தேர்வு நடத்தியவர்கள் ஐயப்பட்டார்கள். மறுபடி எழுதிய 12 பேரும் மீண்டும் தேறினார்கள். இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரியும். தெரியாத பகுதி, அதன் பின்னால் இருந்த ஏற்பாடு. கீழ் வகுப்புகளிலிருந்தே அல்ஜீப்ராவை வலுப்படுத்தினார்கள். கோடை விடுமுறையில் ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் வகுப்புகள் நடத்தி, விட்டுப்போன ஓர் ஆண்டை ஈடுகட்டினார்கள். 1987இல் அந்தப் பள்ளியில் 70க்கும் மேற்பட்டோர் கால்குலஸில் தேறியது அந்த ஏற்பாட்டால். அவர் 1991இல் விலகிய பின் அது கலைந்துபோனது. உங்கள் மாவட்டத்தில் ஒரு நல்ல ஆசிரியரை நம்பியிருக்கும் எந்தத் திட்டத்துக்கும் இதே கதிதான். பாதையை விதியாக எழுதி வைக்க வேண்டும்.

எழுதி வைத்த மாநிலங்கள் உண்டு. வட கரோலினாவில் 2018இல் வந்த சட்டப்படி, மாநிலக் கணிதத் தேர்வில் மிக உயர்ந்த நிலையைப் பெற்ற மாணவருக்கு அடுத்த ஆண்டு மேல்நிலைக் கணித வாய்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். டெக்சஸ் 2023இல் இயற்றிய சட்டம், 5ஆம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 சதவீதத்தில் வந்தவர்களை 6ஆம் வகுப்பில் மேல்நிலைக் கணிதத்தில் தானாகச் சேர்க்கச் சொல்கிறது. நீங்கள் வட கரோலினாவின் கேரியிலோ டெக்சஸின் ஃப்ரிஸ்கோவிலோ இருந்தால் புதிய விதி கேட்க வேண்டியதே இல்லை. இருக்கும் விதி உங்கள் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளிலும் நடக்கிறதா, தகுதி பெற்று வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாலே போதும்.

எதிர்த்திசையில் போனதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ 2014இல் 8ஆம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ரா 1ஐ எடுத்துவிட்டு எல்லாரையும் 9இல் ஒன்றாகத் தொடங்கச் செய்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் வசதி உள்ளவர்கள் வெளியில் பணம் கட்டி அல்ஜீப்ராவை முடித்துக்கொண்டார்கள். மேல்நிலைக் கணிதத்தில் இன இடைவெளி பெரிதாகக் குறையவில்லை என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். 2024இல் வாக்காளர்கள் அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். கதவையே எடுத்துவிட்டால் சன்னல் வழியாக ஏறத் தெரிந்தவர்கள்தான் உள்ளே போவார்கள். எங்கள் கோரிக்கை கதவைப் பெரிதாக்குவது, எடுப்பது அல்ல.

தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும் பாதை வேண்டும். 10ஆம் வகுப்பில் ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2ஐயும் சேர்த்து எடுக்க அனுமதிப்பது, கோடையில் இலவச ஜியாமெட்ரி வகுப்பு, இரண்டும் முடியாதவருக்கு ஏ.பி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ். அல்ஜீப்ரா 2 முடித்தால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. கோடை வகுப்பு இலவசமாக இல்லையென்றால் அதுவும் பணம் உள்ளவர்களுக்கான குறுக்கு வழியாகவே முடியும்.

இந்தியாவிலிருந்து 9, 10ஆம் வகுப்பில் வந்து சேரும் நம் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அங்கே கணிதம் ஒரே பாடம். மதிப்பெண் பட்டியலில் "கணிதம் 87" என்று மட்டும் இருக்கும். அதில் இருபடிச் சமன்பாடும் முக்கோணவியலும் ஆயத்தொலை வடிவியலும் இருந்தன என்பது கவுன்சிலருக்குத் தெரியாது. வயதைப் பார்த்து அல்ஜீப்ரா 1இல் உட்கார வைத்துவிடுவார். பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தை மொழிபெயர்த்து எடுத்துப்போய், இடநிலைத் தேர்வு எழுத அனுமதி கேளுங்கள். தமிழ்ச் சங்கங்கள் இதை ஒரு முறை செய்து வைத்தால் எல்லாருக்கும் உதவும். தமிழ்நாடு சமச்சீர்க் கல்வி, சி.பி.எஸ்.இ. இரண்டுக்கும் 8, 9, 10ஆம் வகுப்புக் கணித அலகுகள் எந்த அமெரிக்கப் பாடத்தோடு பொருந்துகின்றன என்று ஒரு பக்க அட்டவணை போதும்.

மூன்றாவது தடையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிப்பதே இல்லை: கால அட்டவணை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பள்ளியின் முதன்மை அட்டவணை தயாராகும். ஏ.பி. ஃபிசிக்ஸ் போன்ற பாடத்துக்கு ஒரே ஒரு வகுப்புதான் இருக்கும். அது மூன்றாவது பீரியடில் வைக்கப்படுகிறது. ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கான மொழி வகுப்பும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மூன்றாவது பீரியட். முடிந்தது கதை. அந்த மாணவர்களில் யாருக்கும் ஃபிசிக்ஸ் கிடையாது. எந்தக் கொள்கையிலும் எழுதாத விலக்கு இது. வாசிப்பிலோ கணிதத்திலோ பின்தங்கியவருக்கு இரட்டைப் பீரியட் கொடுக்கும் பள்ளிகளிலும் இதேதான். அறிவியலில் சிறந்தவர் வாசிப்பில் பின்தங்கியதால் அறிவியலை இழக்கிறார். ஒரே வகுப்பு உள்ள ஏ.பி. பாடங்களை அட்டவணையில் முதலில் வைத்து, அவை மொழி வகுப்போடும் சிறப்புக் கல்வி வகுப்போடும் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அட்டவணை விதியாகவே கேளுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

இனி பணமும் தேதிகளும். 2025 மே தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 99 டாலர். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்குக் காலேஜ் போர்டு 37 டாலர் கழிக்கிறது. பள்ளி தனக்கு வரும் 9 டாலரை விட்டுக்கொடுக்கிறது. மீதி 53. சில மாநிலங்கள் இதையும் ஏற்றுக்கொள்கின்றன. ஃப்ளோரிடாவில் பொதுப் பள்ளி மாணவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஏற்காத மாநிலத்தில் நான்கு பாடம் எடுத்த பிள்ளைக்கு 212 டாலர் ஆகும். முன்பு கூட்டாட்சி அரசு இதற்கென்றே தனி நிதி வைத்திருந்தது. 2015ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை ஒழித்து, நான்காம் தலைப்பு ஏ பிரிவின் பொது மானியத்தோடு கலந்துவிட்டது. அந்த மானியத்தைத் தேர்வுக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். உங்கள் மாவட்டம் அதை எதற்குச் செலவிடுகிறது என்று வரவுசெலவுக் கூட்டத்தில் கேளுங்கள்.

கட்டணத்தைவிடக் கெடு தேதி அதிகப் பிள்ளைகளைத் தடுக்கிறது. 2019-20 முதல் தேர்வுக்கான பதிவை நவம்பர் நடுவிலேயே முடிக்க வேண்டும். அதன்பின் பதிந்தால் 40 டாலர் தாமதக் கட்டணம். பதிந்துவிட்டு எழுதாவிட்டாலும் 40 டாலர். நவம்பரில் முதல் அரையாண்டு மதிப்பெண்கூட வந்திருக்காது. தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளை, பணத்தை வீணாக்கக் கூடாது என்று "தேர்வு வேண்டாம்" என்று குறித்துவிடுகிறாள். மே மாதத்தில் அவள் நன்றாகவே தயாராகியிருப்பாள். அப்போது தேர்வுத்தாள் இருக்காது. மாவட்டமே எல்லாருக்கும் பதிந்து, எழுதாதவர்களின் 40 டாலரையும் தன் கணக்கில் ஏற்பதுதான் இதற்கு ஒரே வழி.

வருமானச் சான்றில் ஒரு கண்ணி இருக்கிறது, ஏழைப் பள்ளிகளையே அது பிடிக்கிறது. மதிய உணவுப் படிவம்தான் சலுகைக்கு வழக்கமான ஆதாரம். ஆனால் சமூகத் தகுதி ஏற்பாட்டில் சேர்ந்த பள்ளிகளில் எல்லாருக்கும் உணவு இலவசம், யாரும் படிவம் நிரப்புவதில்லை. 2023இல் இதற்கான வரம்பு 40 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைந்ததால் இன்னும் பல பள்ளிகள் இதில் சேரலாம். பிள்ளைகளுக்குச் சோறு கிடைப்பது நல்லதே. ஆனால் யார் குறைந்த வருமானக் குடும்பம் என்ற பதிவு காணாமல் போய்விடுகிறது, கட்டணச் சலுகையும் கூடவே போய்விடுகிறது. ஆகஸ்டில் சேர்க்கைப் படிவத்தோடு ஒரு பக்க வருமான அறிக்கையையும் எல்லா வீடுகளிலிருந்தும் வாங்கிவிட்டால் இது தீரும். அக்டோபரில் தொடங்கினால் நவம்பருக்குள் முடியாது.

சிறு சிறு இடறல்கள் இன்னும் உண்டு. மதியத் தேர்வுகள் 12 மணிக்குத் தொடங்கும். மூன்று மணி நேரத் தேர்வும் இடைவேளையும் அறிவுறுத்தலும் சேர்ந்தால் பள்ளிப் பேருந்து போயிருக்கும். மே மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தாமதப் பேருந்து ஏற்பாடு செய்யுங்கள். 2025 முதல் 28 தேர்வுகள் ப்ளூபுக் செயலியில் நடக்கின்றன. பள்ளிக் கொடுத்த குரோம்புக்கில் அது நிறுவப்பட்டிருக்கிறதா, பேட்டரி கடைசிவரை தாங்குகிறதா என்று ஏப்ரலிலேயே பார்க்க வேண்டும். பள்ளியில் கூடுதல் நேரச் சலுகை பெறும் மாற்றுத்திறன் மாணவருக்கு அது ஏ.பி.யில் தானாக வராது. ஜனவரி நடுவுக்குள் காலேஜ் போர்டிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். எல்லாம் எழுதி முடித்த பின், ஒரு கல்லூரிக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்ப ஜூன் 20 கடைசி நாள். அது தாண்டினால் கல்லூரிக்கு 15 டாலர். ஜூன் மாதத்தில் பள்ளி மூடியிருக்கும், நினைவூட்ட யாரும் இருக்கமாட்டார்கள். எனவே மே மாதக் கடைசி வாரத்தில் ஒரு பீரியடை ஒதுக்கி, எல்லாரையும் அங்கேயே உட்கார்ந்து கல்லூரியைக் குறிக்கச் சொல்ல வேண்டும்.

ஏ.பி. மட்டும் வழி அல்ல. ஹைஸ்கூலில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் எடுக்கும் டூயல் என்ரோல்மென்ட், மினசோட்டாவில் 1985இல் தொடங்கி இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. டெக்சஸில் 2023 சட்டத்துக்குப் பின் வருமானம் குறைந்த மாணவர்களுக்கு, திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இது இலவசம். ஒரே நாள் தேர்வைச் சார்ந்திராமல் ஆண்டு முழுக்கச் செய்த வேலைக்குக் கிரெடிட் கிடைப்பது இதன் நன்மை. ஆனால் இதில் எச்சரிக்கை தேவை. ஏ.பி.யில் 1 வாங்கினால் யாருக்கும் காட்டாமல் விட்டுவிடலாம். டூயல் என்ரோல்மென்டில் வாங்கிய எஃப் கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். பின்னால் கல்விக் கடனுக்கும் உதவித்தொகைக்கும் தேவையான முன்னேற்றக் கணக்கைக் கெடுக்கும். பாடத்தைக் கைவிடுவதற்கான கல்லூரியின் கெடு தேதி வேறு, ஹைஸ்கூலின் தேதி வேறு. இரண்டையும் மாணவர் கையில் எழுதிக் கொடுக்காத பள்ளி அந்தப் பிள்ளையை ஆபத்தில் விடுகிறது. அந்தக் கிரெடிட்டை மாநில அரசுக் கல்லூரிகள் ஏற்கும். வெளிமாநிலத் தனியார் கல்லூரிகள் ஏற்காமல் போகலாம்.

"எல்லாரையும் சேர்த்தால் தரம் குறையாதா?" இதை நம் பெற்றோர்களே அதிகம் கேட்கிறார்கள். நேர்மையாகப் பதில் சொல்கிறோம். உதவி எதுவும் கொடுக்காமல் வெறுமனே சேர்த்தால் தேர்ச்சி விகிதம் விழும், சேர்ந்த பிள்ளைகளும் நொந்துபோவார்கள். அதனால் சேர்க்கையோடு மூன்று காரியங்களை இணைத்தே கேளுங்கள்: ஆகஸ்டில் இரண்டு வார முன்தயாரிப்புப் பயிற்சி, பள்ளி நேரத்துக்குள்ளேயே, வாரத்துக்கு இரண்டு முறையாவது துணை வகுப்பு (பள்ளி விட்ட பின் என்றால் வேலைக்குப் போகும் பிள்ளையும் பேருந்துப் பிள்ளையும் வரமாட்டார்கள்), முதன்முறை ஏ.பி. எடுக்கும் மாணவர்களை வகுப்புக்கு ஒருவராகச் சிதறவிடாமல் மூன்று நான்கு பேராகச் சேர்த்து வைப்பது. தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்துப் பள்ளியைப் பாராட்டாதீர்கள். 20 பேர் எழுதி 18 பேர் தேறிய பள்ளியில் விகிதம் 90. 60 பேர் எழுதி 36 பேர் தேறிய பள்ளியில் விகிதம் 60தான், ஆனால் கிரெடிட்டோடு வெளியே வந்தவர்கள் இரு மடங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் 12, 14 என்று ஏ.பி. குவிப்பதால் பெரும்பாலும் அவர்களுக்கே பயன் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கான ஜி.பி.ஏ. என்னும் மதிப்பெண் சராசரியில் அதிகபட்சம் 8 அரையாண்டுகளுக்கே கூடுதல் புள்ளி தருகிறது. அவற்றிலும் 10ஆம் வகுப்பில் எடுத்தவை 4க்கு மேல் செல்லாது. அதாவது முழு ஆண்டுப் பாடம் நான்கு. மாவட்டத்தில் ஒரு புதிய ஆசிரியர் பணியிடம் வரும்போது, ஏற்கெனவே 25 ஏ.பி. உள்ள நம் பள்ளிக்கு 26ஆவது வேண்டுமா, 6 உள்ள பக்கத்துப் பள்ளிக்கு ஏழாவது வேண்டுமா என்ற கேள்வி எழும். அந்தக் கூட்டத்துக்கு முதல் பள்ளியின் பெற்றோர் நாற்பது பேர் வருவார்கள். இரண்டாவது பள்ளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். அந்த நாற்பதில் கணிசமானவர்கள் நாம். அன்று எழுந்து நின்று பக்கத்துப் பள்ளிக்குக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டியவர்களும் நாமே.

தொடங்குவதற்கு ஒரு தரவுக் கோரிக்கை போதும். உங்கள் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, வாரிய உறுப்பினர் வழியாகவோ பொதுப் பதிவேட்டுச் சட்டத்தின் கீழோ எழுதுங்கள். பள்ளி வாரியாக, பாடம் வாரியாக, இனம், வருமானம், ஆங்கிலம் கற்போர், சிறப்புக் கல்வி என்ற பிரிவுகளில் ஆறு எண்கள்: ஏ.பி. பொட்டென்ஷியல் காட்டியவர்கள், அவர்களில் சேர்ந்தவர்கள், ஒன்பதாவது வாரத்துக்குள் விலகியவர்கள், நவம்பரில் தேர்வுக்குப் பதிந்தவர்கள், மே மாதம் எழுதியவர்கள், 3 அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள். கூடவே ஓவர்ரைடு படிவம் கொடுத்தவர்களின் எண்ணிக்கையும். எண்ணிக்கை 10க்குக் கீழே உள்ள இடங்களை மாணவர் தனியுரிமை கருதி மறைப்பார்கள். அப்படியானால் மூன்று ஆண்டுகளைக் கூட்டித் தரச் சொல்லுங்கள். ஆறு எண்களில் எங்கே பெரிய சரிவு இருக்கிறதோ அங்கேதான் உங்கள் மாவட்டத்தின் தடை. சேரும் இடத்தில் சரிந்தால் பரிந்துரை முறை. பதியும் இடத்தில் சரிந்தால் பணமும் கெடுவும். எழுதும் இடத்தில் சரிந்தால் பேருந்தும் துணை வகுப்பும்.

வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச வழக்கமாக இரண்டு மூன்று நிமிடமே கிடைக்கும். ஒருவர் ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் வந்தால் ஆறும் பதிவாகிவிடும். செப்டம்பரில் தரவு கேட்டால் அக்டோபர் கூட்டத்தில் பேசலாம், நவம்பர் பதிவுக்கு முன் கட்டண முடிவை வாங்கலாம். சேர்க்கைக் கொள்கை டிசம்பருக்குள் வாக்கெடுப்புக்கு வந்தால்தான் ஜனவரியில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நடைமுறைக்கு வரும். பிப்ரவரியில் வந்தால் ஒரு முழு வகுப்பு மாணவர்களுக்கு அது உதவாமல் போகும். கோரிக்கைக் கடிதத்தின் மாதிரி, கொள்கை வாசகத்தின் வரைவு, சமச்சீர்க் கணித அட்டவணை மூன்றையும் உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் கேட்டால் எழுதித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் பணியாற்றும் தமிழ்க் கவுன்சிலர்கள், ஏ.பி. ஒருங்கிணைப்பாளர்கள், கணித ஆசிரியர்கள்